கோயில் தலைவர் அனுப்பிய வாடிக்கையாளர்

என்னை லண்டனுக்கு வரவழைத்தது ஒரு திருவாசி. லண்டனில் என்னைப் பீர் கடைக்கு அனுப்பியது அந்தத் திருவாசி போகவேண்டிய கோயிலின் தலைவர். ஊர் திரும்பி இதைச் சொன்னபோது பீர் கடைக்குப் போனதை என் மனைவி உடனே நம்பினாள். அனுப்பியவர் கோயில் தலைவர் என்பதைத்தான் இன்றுவரை நம்பவில்லை.

கும்பகோணத்தில் எனக்குப் பாத்திரக்கடை. கோயில் சாமான்களும் செய்து தருவோம். கிழக்கு லண்டனில் ஒரு முருகன் கோயிலுக்குத் திருவாசி கேட்டிருந்தார்கள். சாமிக்குப் பின்னால் வளைந்து நிற்குமே, அந்தப் பித்தளை வளைவு. செய்து, பெட்டி கட்டி, கப்பலில் அனுப்பியாயிற்று. பீடத்தில் பொருத்தும்போது செய்தவன் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று கோயில் தலைவர் பிடிவாதம் பிடித்தார். நான் வந்து சேர்ந்தேன், பெட்டி வந்து சேரவில்லை. பெட்டியைக் கொண்டுவரும் கம்பெனிக்காரர் தினமும் போனில் ‘நாளைக்கு’ என்றார். தீபாவளிச் சமயத்தில் நம் ஊர்த் தையல்காரர் சொல்வாரே, அதே நாளைக்கு. அதனால் லண்டனில் எனக்குச் சும்மா சில நாட்கள் கிடைத்தன.

தலைவர் பெயர் சிவபாலன். யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் அகதியாக வந்து எங்கள் கடையின் மாடியறையில் சில வருடங்கள் இருந்துவிட்டு லண்டனுக்குப் போனவர். எனக்கு அவன், ஊருக்கு அவர். இதை அவர் படிக்கப்போகிறார் என்பதால் அவர் என்றே எழுதுகிறேன்.

பிளேஸ்டோவில் அவர் வீட்டில்தான் தங்கினேன். முதல் நாள் சாயங்காலம் இடியப்பமும் சொதியும் சம்பலுமாகப் போட்டு, எழுந்து நிற்க முடியாத நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டு, “வா, கொஞ்சம் நடப்பம்” என்றார் பாலன். மனைவி காதில் விழாத தூரம் வந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

ஒரே மகள், ஆரணி. வேதியியல் படித்து, மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலையில் இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதை விட்டுவிட்டு, ரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே ஓர் இடத்தை எடுத்து புரூவரி ஆரம்பித்துவிட்டாள். அங்கேயே பீர் காய்ச்சி, அங்கேயே குழாயில் பிடித்துக் கொடுக்கும் சின்னக் கடை. அன்றைக்கு மகளோடு பேச்சை நிறுத்தியவர்தான் பாலன். அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அவள் வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகிறாள். புரூவரி வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கோயிலுக்கு அந்தப் பாலத்தின் வழியாகப் போனால் சீக்கிரம். இவர் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறார். கோயிலில் யாராவது கேட்டால் மகள் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறாள் என்று சொல்கிறார்.

“நீ ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வா மச்சான். உன்னை அவளுக்குத் தெரியாது. என்ன மாதிரி ஆக்கள் வருகினம், குடிச்சுப்போட்டு என்ன செய்யினம், இவள் எப்பிடி நிக்கிறாள், எல்லாத்தையும் பார்த்துச் சொல்லு.”

நீயே போய்ப் பார்க்கலாமே என்றேன். கோயில் தலைவர் போகிற இடமா அது என்று திருப்பிக் கேட்டார். பாத்திரக்கடைக்காரன் போகிற இடம்தான் என்று முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிளம்பினேன். நடந்தே போயிருக்கலாம். உளவுக்குப் போகிறவன் நேர் வழியில் போகக்கூடாது என்று எனக்குள் ஓர் எண்ணம். அப்டன் பார்க் போய், அங்கே கடைகளில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, பேருந்து பிடித்தேன். மாடியில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் வண்டி சும்மா நின்றது. சேவையைச் சீர்படுத்துவதற்காகச் சற்று நேரம் நிற்கிறோம் என்று ஒரு பெண்குரல் அறிவித்தது. விசாரித்ததில், வண்டி நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டதாம். சீக்கிரம் வந்ததற்காக ஒரு பேருந்து தண்டனை அனுபவிப்பதை அன்றுதான் பார்த்தேன். திரும்பக் கிளம்பியபோது வேகமாகக் கிளம்பியதில், படியைப் பிடித்து நான் கீழே இறங்குவதற்குள் என் நிறுத்தம் போய்விட்டது. வந்த வழியே திரும்பி நடந்தேன்.

இந்த இடத்தில் என் குடிப்பழக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும். கடைத்தெருச் சங்கத் தேர்தல் முடிந்த அன்று குடிப்பேன். மச்சினன் வந்தால் குடிப்பேன். நம் ஊரில் அதற்கு ஒரு முறை உண்டு. தெருவின் இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும். கம்பிக்கு உள்ளே கையை விட்டு பாட்டிலை வாங்கி இடுப்பில் செருகவேண்டும். மறைவாக ஓர் இடத்தில் நின்று, மூச்சை அடக்கி, ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு, முகத்தைக் கோணி, ஊறுகாயை நாக்கில் வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் நடந்துவிடவேண்டும். குடிப்பது என்றால் என் கைக்கும் வாய்க்கும் தெரிந்தது இது ஒன்றுதான்.

பாலத்து வளைவின் கீழே கதவு விரியத் திறந்து கிடந்தது. நல்ல வெயில். ஜனங்கள் அரைக்கைச் சட்டையில் வெளிப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். நான், லண்டன் குளிருக்கென்று மனைவி பெட்டியில் வைத்த மப்ளரால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தேன். கவுண்டரில் முப்பது வயதுப் பெண், பாலனின் அதே நெற்றி. குழாய்களில் ஒன்றை விரலால் காட்டினேன். கண்ணாடி டம்ளர் வந்தது. பணத்தைக் கொடுத்தேன். கவுண்டரைவிட்டு நகராமல், நின்ற நிலையில், மூச்சை அடக்கி ஒரே மடக்கில் முடித்தேன். பழக்கதோஷத்தில் முகத்தைக் கோணினேன். கோணும்படி அந்தப் பீரில் ஒன்றும் இல்லை. டம்ளரை வைத்துவிட்டு ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டேன்.

மூலையில் நாயோடு உட்கார்ந்து செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று என்னைக் கேட்டார். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தமிழில் கேட்டாள்.

“நீங்கள் அப்பாவின்ர கும்பகோணம் ஃபிரெண்ட்தானே, மாமா?”

என் உளவு வேலை அத்தோடு முடிந்தது. அம்மா போட்டோ அனுப்பியிருந்தாளாம். மப்ளர் உட்பட.

ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள். அப்பா அனுப்பினாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. கொஞ்ச நேரம் துணியால் கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சனிக்கிழமையோட ரெண்டு வருசம், மாமா. சின்ன பார்ட்டி ஒண்டு வைக்கிறன். அவர் ஒண்டும் குடிக்கத் தேவையில்லை, ஒண்டும் சொல்லவும் தேவையில்லை. ஒருக்கா வந்தாக் காணும்.”

அவ்வளவுதான் அவள் கேட்டது. சொல்கிறேன் என்றேன். பிறகு வந்த வேலையை உருப்படியாகச் செய்வோம் என்று பின்பக்கம் போய்க் கொப்பரைகளைப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேல், எவர்சில்வர். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன், கனத்த தகடு. பற்றவைத்த இடம் தெரியாமல் இழைத்திருந்தார்கள். நம் பக்கத்தில் இவ்வளவு சுத்தமாகப் பற்றவைக்க ஆள் கிடைப்பதில்லை. தலைக்கு மேலே ரயில் போகும்போதெல்லாம் டம்ளர்கள் லேசாக அதிர்ந்தன. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைக்காரன் என்ற முறையில் ஒரே ஒரு குறை கண்டேன். வாசலில் நிழல் தட்டினால் போதும், ஆரணி நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை சரி. ஆனால் வந்த ஆளைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு நூல் இறங்கியது. உடனே சரிசெய்துகொண்டு சிரித்தாள், ஆனாலும் இறங்கத்தான் செய்தது. வியாபாரத்தில் இது பெரிய தப்பு. ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை மட்டும் கேட்க வந்தவனைப் பார்த்தால்கூட நம் முகம் மலரவேண்டும். புதுக்கடைக்காரி, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பாலன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மறுபடியும் நடக்கப் போனோம். எப்படிப்பட்ட ஆட்கள் என்றார். தள்ளுவண்டியில் ஒரு கைக்குழந்தை, ஒரு நாய், ஒரு கிழவர் என்றேன். குழந்தையா என்று நின்றுவிட்டார். அது பால்தான் குடித்தது என்று சொல்லி நடக்கவைத்தேன். சண்டை சச்சரவு? குறுக்கெழுத்தில் ஒரு வார்த்தைக்காகக் கிழவருக்கும் பக்கத்து மேசைக்காரருக்கும் லேசாக வாக்குவாதம் என்றேன். கொப்பரைகளின் தகட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். சனிக்கிழமையோடு இரண்டு வருடம் ஆகிறது, விசேஷம் வைத்திருக்கிறாள், நீ வந்தால் போதும் என்கிறாள் என்றும் சொன்னேன். வீட்டு வாசல் வந்ததும் சாவியைத் தேடிக்கொண்டே கேட்டார்.

“மெலிஞ்சு போனாளோ?”

முன்னால் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியாதே என்றேன். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார். நாளைக்கும் ஒருக்கால் போ என்று மாடிப்படியில் இருந்து குரல் மட்டும் வந்தது.

புதன்கிழமை பாலனின் மனைவி தவமணிக்கு யோகா வகுப்பு. இரண்டு வருடமாகப் போகிறாளாம். இவ்வளவு காலம் படித்தும் கீழே விழுந்த கரண்டியைக் குனிந்து எடுக்கத் தெரியவில்லை என்று காலைச் சாப்பாட்டின்போது பாலன் குறைப்பட்டுக்கொண்டார். தவமணி எனக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

அன்று நேர் வழியில் நடந்தே போனேன். பாலத்தை நெருங்கும்போதே எண்ணெயில் பொரிகிற வாசனை. வெள்ளைக்காரர்கள் கையில் தட்டோடு வரிசையில் நின்றார்கள். வரிசையின் மறுமுனையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு, இடுக்கியால் மட்டன் ரோல்ஸை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள் தவமணி. என்னைப் பார்த்ததும் இடுக்கி அந்தரத்தில் நின்றது.

“அண்ணை, நீங்கள் என்னைக் காணேல்ல.”

காணவில்லை என்றேன். நீயும் என்னைக் காணவில்லை என்று சேர்த்துக்கொண்டேன். ஒப்பந்தம் முடிந்து எனக்கு இரண்டு ரோல்ஸ் கிடைத்தன. கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நீயே அவனிடம் சொல்லக்கூடாதா என்று கேட்டேன்.

“நான் சொன்னா யோகாவும் நிண்டுபோகும், அண்ணை.”

அன்றைக்கு முறைப்படி உட்கார்ந்து குடிப்பது என்று தீர்மானித்திருந்தேன். ஆரணி ஒரு பலகையில் நான்கு சின்ன டம்ளர்களை வைத்துத் தந்தாள், ருசி பார்த்துப் பிடித்ததை வாங்கலாம் என்று. மூன்றாவதை வாயில் வைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நல்ல புளிப்பு. மூன்று நாள் வெளியில் இருந்த இட்லி மாவு அந்த அளவுக்குப் புளிக்கும். சுற்றி வாடிக்கையாளர்கள். கடையின் மானம் போய்விடக்கூடாதே என்று கவுண்டருக்குப் போய், குனிந்து, மெதுவாகத் தமிழில், “இந்தக் குழாய் கெட்டுப்போச்சும்மா, யாருக்கும் குடுத்துடாதே” என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுதான் அந்தக் கடையிலேயே விலை கூடினதாம். அந்தப் புளிப்புக்காகவே மாதக்கணக்கில் வைத்துப் புளிக்கவைக்கிறார்களாம். கெட்டுப்போக வைப்பதற்கு இவ்வளவு மெனக்கெடுகிற ஜனங்களை நான் பார்த்ததில்லை.

பக்கத்து மேசையில் ஒரு தம்பதி அதையேதான் குடித்துக்கொண்டிருந்தார்கள். மழையில் நனைந்த வைக்கோல் வாசனை வருகிறது என்றார் கணவர். பழைய தோல் பெட்டி மாதிரியும் இருக்கிறது என்றாள் மனைவி. திட்டுகிறார்கள் என்று நினைத்தேன், போனில் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். பிறகு என் கையில் இருந்த கறுப்புப் பீர் எப்படி என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றேன். அது போதவில்லை, இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார்கள். வறுத்த காப்பிக்கொட்டை, கொஞ்சம் கருகினது என்றேன். இரண்டு பேரும் என் கையைக் குலுக்கினார்கள்.

சாயங்கால நடையில் பாலனிடம் ரோல்ஸ் வாங்க வரிசை நின்றதைச் சொன்னேன். யார் செய்வது என்றார். யாரோ ஓர் அம்மா என்றேன். வீட்டுக்கு வந்த பிறகும் விடாமல், ரோல்ஸ் எப்படி என்று கேட்டார். உங்கள் வீட்டு ரோல்ஸ் மாதிரியே இருக்கிறது என்றேன். “தவத்தின்ர கைப்பக்குவம் அவையளுக்கு வராது” என்றார். சமையலறையில் ஒரு மூடி விழுந்து உருண்டது.

வியாழக்கிழமை மோர்டனுக்குப் போகவேண்டியிருந்தது. கும்பகோணத்து வாடிக்கையாளர் ஒருவர் அங்கே இருக்கும் தன் தங்கைக்கு ஒரு ஜோடிக் குத்துவிளக்கு கொடுத்தனுப்பியிருந்தார். கொடுத்துவிட்டு வரும்போது சுரங்கத்துக்குள் ரயில் நின்றுவிட்டது. ஓட்டுநர் மைக்கில் மன்னிப்புக் கேட்டார். காரணம் தனக்கே தெரியவில்லை என்று மறுபடியும் வந்து அதற்கும் மன்னிப்புக் கேட்டார். எனக்கு எதிரே இருந்தவர்கள் யாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. நம் ஊராக இருந்தால் இந்நேரம் இரண்டு சம்பந்தம் பேசி முடித்திருப்பார்கள். வெளியே வந்தபோது நன்றாகப் பசித்தது. நேராகப் புரூவரிக்குப் போனேன்.

பெரிய கொப்பரையின் நிழலில், தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு தட்டு மிக்சரோடு தமிழர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தொப்பிக்குக் கீழே திருநீறு தெரிந்தது. கோயில் செயலாளர் குகதாசன். வந்த அன்றே பாலன் எனக்கு அறிமுகம் செய்துவைத்த மனிதர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றே விட்டார்.

தலைவரிடம் சொல்லிவிடவேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். இந்த வாரம் நான் கொடுக்கும் இரண்டாவது வாக்குறுதி. பேச்சுக்கொடுத்ததில் மீதியும் வந்தது. அவர் மட்டும் இல்லை, நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் இங்கே வருகிறவர்கள்தான். ஆரணி என்ன செய்கிறாள் என்பது கடை திறந்த வாரத்திலேயே கோயில் முழுக்கத் தெரியும்.

“பிறகு ஏன் அவனை லேப் வேலை எப்படி, லேப் வேலை எப்படின்னு கேக்கிறீங்க?” என்றேன்.

“அவர் அப்பிடித்தானே அண்ணை சொல்லுறார். உண்மையைக் கேட்டா அந்த மனிசன் முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது? அதுதான் நாங்களும் ரெண்டு வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறம்.”

ஊர் என்ன சொல்லும் என்று பயந்து ஒருவர் மகளோடு பேசாமல் இருக்கிறார். அந்த ஊர் இங்கே உட்கார்ந்து, அவர் மனம் நோகக்கூடாது என்று தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பீர் குடிக்கிறது. இதற்கு நடுவில் இந்தப் பெண் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் வியாபாரம் தெரியாதவள் இல்லை. ஒவ்வொரு நிழலுக்கும் நிமிர்ந்து பார்க்கிறவள் வாடிக்கையாளரைத் தேடவில்லை. முட்டாள் மாதிரி மூன்று நாளாக அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கச் சமயம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை. பாலன் வேட்டி சால்வையோடு சந்நிதி ஓரமாக நின்றார். வருகிறவர் போகிறவர் எல்லாம் கையைக் கூப்பி, மகள் எப்படி, ஆய்வுக்கூடத்தில் வேலை எப்படி என்று கேட்டார்கள். நல்லாப் போகுது, நல்லாப் போகுது என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். குகதாசன் தொப்பி இல்லாமல் வந்து அவரும் கேட்டார். நான் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அன்று சாயங்காலம் நடக்கப் போகவில்லை. தலைவலி என்றேன், தலையும் வலிக்கத்தான் செய்தது.

சனிக்கிழமை காலையில் பார்த்து, கம்பெனிக்காரரின் நாளைக்கு வந்துவிட்டது. மத்தியானம் பெட்டியைக் கோயிலில் இறக்கினார்கள். பாலனின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. திருவாசி வந்திருக்கும்போது தலைவர் வேறு எங்கே போவார்? சாமிக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது, பீடத்துத் துளையும் திருவாசிக் காலும் முதல் தடவையிலேயே பொருந்திவிட்டன. அரை நாள் ஆகும் என்று நான் சொல்லியிருந்த வேலை ஐயர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் முடிந்தது. எல்லாரும் கும்பிட்டார்கள். குகதாசனும் இன்னும் சிலரும் அவசர வேலை இருக்கிறது என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். அவசர வேலை எங்கே என்று எனக்குத் தெரியும். தவமணிக்குச் சனிக்கிழமையும் யோகா வந்துவிட்டிருந்தது.

பாலனின் காரில் ஏறினேன். வழக்கம்போல் சுற்றுவழியில் வண்டியை விட்டார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார், வியாழக்கிழமை போனாயே, ஒன்றும் சொல்லவில்லையே, யார் யார் வந்தார்கள் என்று.

யார் யார் வந்தார்கள் என்பதைத்தான் சொல்லமுடியாது. எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலும் வந்தது, மூன்று நாளாக அவருக்கு ஒற்றனாக அலைந்த என் மேலும் வந்தது.

“யாரு வந்தா உனக்கென்ன பாலா?” என்றேன். “நான் முப்பது வருஷமாக் கடையில உக்காந்திருக்கேன். ஆள் உள்ள வந்தா கடைக்காரன் முகம் மலரும். உன் பொண்ணு வாசல்ல நெழல் தட்டினா நிமிர்ந்து பாக்குறா. வந்த ஆளப் பாத்ததும் அவ முகம் வாடிப்போவுது. எவன் வந்தாலும் வாடுது. காசு குடுக்க வர்றவனப் பாத்து வாடுற கடைக்காரிய நான் எங்கயும் பாத்ததில்ல. அவ எந்த வாடிக்கையாளரத் தேடுறான்னு உனக்குத் தெரியலன்னா என்னை ஏன் அனுப்பின?”

சிக்னலில் சிவப்பு விழுந்தது. விளக்கு பச்சைக்கு மாறியும் வண்டி நகரவில்லை. பின்னால் இருந்தவர் ஒரே ஒரு முறை, மிக மரியாதையாக ஹாரன் அடித்தார். பாலன் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை மறுபக்கம் திருப்பினார்.

லண்டனில் மனம் மாறுவதுகூடச் சுலபம், வண்டியை நிறுத்த இடம் கிடைப்பதுதான் கஷ்டம். பாலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். ஒவ்வொரு தெருவிலும் குடியிருப்பவருக்கு மட்டும் என்று பலகை. நான்காவது சுற்றில் பாலன், சரி, இன்னொரு நாளைக்கு வருவோம் என்று ஆரம்பித்தார். அந்த நேரம் ஓர் அம்மாள் தன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பேர் தெரியாத அந்த அம்மாள் நன்றாக இருக்கவேண்டும்.

பாலத்து வளைவில் வண்ணத் தோரணம் கட்டியிருந்தார்கள். உள்ளே கூட்டம். பாலன் வேட்டி சால்வையும் நெற்றி நிறையத் திருநீறும் கறுப்பு ஷூவுமாக, லண்டனில் நம்மவர்கள் கோயிலுக்குப் போகிற அதே கோலத்தில், வாசலில் போய் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே தவமணி கையில் தட்டோடு அப்படியே சிலையாகிவிட்டாள். குகதாசன் எழுந்து கையைக் கூப்பினார், ஒரு கையில் டம்ளர் இருந்ததால் அது கோணலாகத்தான் வந்தது. பாலன் அவர்கள் யாரையும் பார்த்ததாகத் தெரியவில்லை. வாசல்படியில் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

கொப்பரைப் பக்கத்திலிருந்து ஆரணி வந்தாள். பார்த்தாள். கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வரவில்லை, அதற்கு அடியில் நுழைந்து வந்தாள்.

“அப்பா, சப்பாத்தைக் கழட்டாதேங்கோ. தரை முழுக்க ஈரம்.”

பாலன் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. நிமிரவும் இல்லை.

“என்ர பிள்ளையின்ர இடத்துக்குச் சப்பாத்தோட வாறதே?” என்றார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. ஷூவைக் கழற்றிச் சுவரோரமாக ஒழுங்காக வைத்துவிட்டு, ஈரத்தில் காலுறை நனைய நனைய உள்ளே நடந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தோரணத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னால், குறுக்கெழுத்துக் கிழவர் நாயோடு உள்ளே போகக் காத்திருந்தார். சுவரோரம் இருந்த ஷூவைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். இன்றைக்குக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டுமா என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

ஆமாம் என்றேன்.